போட்டோ அக்கா கடலுக்குள் இறங்கினார்

பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க ஐந்து நிமிடம் போதும் என்று நினைத்து அந்த மஞ்சக்குப்பத்து ஸ்டுடியோவுக்குள் நுழைந்தவர்கள் யாரும் அரை மணி நேரத்துக்கு முன்னால் வெளியே வந்ததில்லை. ஸ்டூலில் உட்கார வைத்து, விளக்கைப் போட்டு, அந்த அக்கா கேமராவைக் கண்ணருகே கொண்டுபோவார். கண்ணில் வைப்பதற்குள் கீழே இறக்கிவிடுவார். காலர் மடிந்திருக்கும். எழுந்து வந்து நிமிர்த்திவிட்டுப் போவார். மறுபடியும் கேமரா மேலே போகும், மறுபடியும் இறங்கும். இந்த முறை நெற்றியில் வியர்வை. அடுத்த முறை பொட்டு நடுவில் இல்லை. ஆதார் அட்டையில் நல்ல மனிதர்களின் முகம்கூடத் திருடன் முகம் மாதிரி விழுகிறதே என்று அவருக்கு அரசாங்கத்தின் மேலேயே கோபம் இருந்தது.

கடலூரில் எல்லாரும் அவரைப் போட்டோ அக்கா என்றுதான் கூப்பிட்டோம். அவரைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அப்படித்தான். அவருடைய வீட்டுக்காரர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கூட நான் கேட்டதில்லை; அவர் ‘இந்தா’ என்பதோடு சரி. நானும் இங்கே பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் எனக்குப் போன் வரும், திட்டு விழும்.

ஒருநாள் ஏதோ தேர்வு விண்ணப்பத்துக்குப் படம் எடுக்க நான் காத்திருந்தேன். எனக்கு முன்னால் செம்மங்குப்பம் ஆலையில் வேலை பார்க்கிற ஒருவர் ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். அடையாள அட்டைக்குப் படம் வேண்டும், வெளியே வண்டியை ஸ்டார்ட் செய்தபடியே நிறுத்தியிருந்தார்.

“வண்டிய ஆஃப் பண்ணிட்டு வாங்கண்ணா. பின்னாடி பைப்பு இருக்குது, மூஞ்சி கழுவுங்க.”

“ஐடி கார்டுக்குத்தாம்மா. அதுக்குப் போயி என்னாத்துக்கு இதெல்லாம்?”

“கழுத்துல நாள்பூரா தொங்கப்போற மூஞ்சிண்ணா. நாலு பேரு பாக்கறப்ப நல்லா இருக்க வேணாமா?”

அவர் முகம் கழுவி வந்தபோது ஆணியில் தொங்கிய தன் வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டையை எடுத்து நீட்டினார் அக்கா. அதைப் போட்டுக்கொண்டு, சீப்பு வாங்கித் தலை வாரி, அந்த மனிதர் கண்ணாடியில் தன்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, வீட்டில் மாட்டப் பெரிதாகவும் ஒன்று போட்டுத் தரச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அன்றைக்குப் பஸ் போய்விட்டது.

என் அக்காவின் கல்யாணம் திருவதிகைக் கோயிலில் நடந்தபோது படம் எடுத்ததும் அவர்தான். முகூர்த்த நாள். கோயிலில் வரிசையாகக் கல்யாணம். ஒன்று முடிவதற்குள் அடுத்த மாப்பிள்ளை மாலையோடு நிற்கிறார். ஐயர் அவசரப்படுத்துகிறார். தாலி கட்டும் நேரத்தில் போட்டோ அக்கா கேமராவை இறக்கிவிட்டு, “மாமா, வாய மூடுங்க!” என்று ஒரு சத்தம் போட்டார். மணமக்களுக்குப் பின்னால் என் பெரிய மாமா கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். மேளம் அடிக்கிறவர்களே ஒரு நொடி நிறுத்திவிட்டார்கள். மாமா அன்று முழுக்க முறைத்துக்கொண்டு திரிந்தார். ஆல்பம் வந்ததும் அந்தப் படத்தைத்தான் தன் செல்போனில் ஏற்றித் தரச் சொன்னார்.

அவர் இடுப்பில் எப்போதும் ஒரு சின்னப் பை இருக்கும். அதற்குள் பவுடர், ஊக்கு, ஒட்டுப்பொட்டு, நுனி மெத்தென்று இருக்கும் மேக்கப் பிரஷ் ஒன்று. அந்தப் பிரஷ்ஷால் கல்யாணப் பெண்ணின் கன்னத்தில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் கேமராவைத் தொடுவார். படத்தில் யாரும் அசிங்கமாக விழுந்துவிடக் கூடாது. அவருடைய தொழில், குணம், பிடிவாதம் எல்லாம் அதுதான்.

நான் பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் காட்டில் வளர்ந்தவள். அப்பாவுக்குக் கடல் என்றால் வருஷத்துக்கு ஒருமுறை சில்வர் பீச்சில் கால் நனைப்பது. அவருடைய மகள் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் சேர்ந்து பவளப் பாறைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போனதை அவர் பலாப்பழம் வாங்க வருகிற வியாபாரிகளிடமெல்லாம் விளக்கிப் பார்த்தார். யாருக்கும் புரியவில்லை. அவருக்கே புரியவில்லை என்பதுதான் நிஜம்.

என் ஆராய்ச்சியை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். மன்னார் வளைகுடாவில், ஆழமில்லாத ஒரு பவளத் திட்டில், ஒரு கோடையில் தண்ணீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்துப் போயின, பல செத்தன. செத்த இடங்களில் குட்டிப் பவளங்கள் மறுபடியும் முளைக்கின்றனவா, இல்லை பாசி மூடிக்கொண்டு போகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்காக இருபது இடங்களில் ஆணி அடித்து எண் கட்டியிருந்தோம். ஒவ்வோர் இடத்திலும் ஒரு மீட்டர் சதுரத்துக்குப் பிளாஸ்டிக் பைப்பால் செய்த சட்டத்தை வைத்து, நேர் மேலிருந்து படம் எடுக்க வேண்டும். மூன்று முறை, அதே இருபது இடம். முதல் இரண்டு முறையும் என்னோடு படித்த நண்பர் எடுத்துக் கொடுத்தார். மூன்றாவது முறைக்கு முன்னால் அவர் வேலை கிடைத்துப் போய்விட்டார். எனக்கு டிசம்பருக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். அந்தக் கடைசி இருபது படம் இல்லாவிட்டால் அதற்கு முந்தைய நாற்பதும் வீண்.

தண்ணீருக்கடியில் படம் எடுக்க ஆள் தேடி அலைந்துகொண்டிருந்தபோதுதான் ஸ்டுடியோ வாசலில் ஒரு புதுப் படத்தைப் பார்த்தேன். பட்டுப்புடவையும் வேட்டியுமாக ஒரு ஜோடி நீச்சல்குளத்துக்குள் கையைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் இப்படியெல்லாம் எடுப்பது அப்போது பரவிக்கொண்டிருந்தது. புடவை மடிப்பு ஒன்றுகூடக் கலையவில்லை.

“இத எப்பிடிக்கா எடுத்தீங்க?”

“புதுச்சேரி பக்கத்துல ஒரு ஓட்டல்லடி. கேமராவுக்கு ஒரு பொட்டி மாட்டிட்டா தண்ணி உள்ள பூவாது. நான் மூச்சு புடிச்சிக்கினு உள்ள போயிடுவேன். சின்ன வயசுல கெணத்துல ஊறுனவதானே.”

“மூச்சு புடிக்காம, சிலிண்டர் மாட்டிக்கிட்டுக் கடல்ல எடுப்பீங்களா?”

அவருக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. முழங்கால் வலி உண்டு. மகள் பொறியியல் படித்துக்கொண்டிருந்தாள். யோசித்துச் சொல்வார் என்று நினைத்தேன். “யாரு கல்யாணம்?” என்று கேட்டார்.

புதுச்சேரியில் ஒரு டைவிங் பயிற்சி நிலையத்தில் அவரைச் சேர்த்துவிட்டேன். முதல் நாள், மூக்கையும் சேர்த்து மூடும் டைவிங் கண்ணாடிக்குள் மூக்குத்தி இடித்துத் தண்ணீர் கசிந்தது. வேறு யாராவது என்றால் கண்ணாடியைக் குறை சொல்லியிருப்பார்கள். இவர் கல்யாணத்திலிருந்து கழற்றாத மூக்குத்தியைக் கழற்றிச் சோப்பு டப்பாவில் போட்டுவிட்டு இறங்கினார். இருபது வயதுப் பையன்கள் கையைக் காலை உதறிக்கொண்டு கலங்கியபோது அக்கா அடியில் போய் அசையாமல் நின்றார். படம் எடுக்கிறவருக்கு மூச்சை மெதுவாக விடத் தெரியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. மேலே வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “முட்டி வலியே தெரியலடி” என்பதுதான்.

அப்புறம் மூன்று மாதம் வாராவாரம் போனார். கல்யாணச் சீசனில்கூட ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் இல்லையென்றால் காலைப் பஸ்ஸைப் பிடித்துவிடுவார். அவர் வீட்டுக்காரர் ஸ்டுடியோவைப் பார்த்துக்கொண்டார். “உங்க அக்காவ மீனு புடிச்சிக்கினு போயிடுச்சிம்மா” என்று என்னிடம் சொல்லும்போது அவருக்கும் பெருமைதான்.

வாடகை வேனில் சிலிண்டர்களையும் சட்டங்களையும் ஏற்றிக்கொண்டு தெற்கே கிளம்பினோம். நான், அக்கா, பயிற்சி நிலையத்திலிருந்து டைவிங் மாஸ்டர் ஒருவர். அங்கே ஒரு படகுக்காரர். வனத்துறை அனுமதி ஐந்து நாளுக்கு. ஆறாவது நாள் அந்தப் பக்கம் கால் வைக்க முடியாது. அதன்பிறகு காற்று மாறிவிடும், தண்ணீர் கலங்கிவிடும்.

முதல் இரண்டு நாளும் பழகிக்கொள்வதற்கு. அந்த இரண்டு நாளைப் போல நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் குறைவு. இரண்டு ஆள் ஆழம்தான். வெயில் அடிவரைக்கும் இறங்கி மணலில் வலை வலையாக ஆடும். மான்கொம்பு மாதிரி கிளைத்த பவளங்கள், உருண்டையாகச் சுருக்கம் விழுந்தவை, நடுவில் செத்துக் கறுத்துப்போனவை. அக்கா ஒரு பாறைக்குப் பக்கத்தில் மண்டி போடுவதுபோல மிதந்துகொண்டு ஒரு கிளிமீனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், இருபது நிமிடம். கேமரா மேலே போகும், கீழே இறங்கும். சிலிண்டரில் காற்று குறைந்துகொண்டே வந்தது. டைவிங் மாஸ்டர் தன் சிலிண்டரில் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே வந்தார்.

“என்னம்மா, மீனுக்குமா போஸ் சொல்லிக் குடுக்கிறீங்க?” என்று படகுக்காரர் சிரித்தார்.

“இந்தப் பக்கம் செதிலு பேந்திருந்துச்சிண்ணா. அந்தப் பக்கம் திரும்பட்டும்னு பாத்தேன். அது திரும்பவே இல்ல.”

“படத்துல பாக்குற எங்களுக்கு அது தெரியவா போகுது?”

“மீனுக்குத் தெரியும் இல்ல?”

மூன்றாம் நாள் காலை எனக்கு ஜலதோஷம். மூக்கு அடைத்தால் காது அழுத்தத்தைச் சமன் செய்ய முடியாது. மீறி இறங்கினால் செவிப்பறை கிழியும். நான் படகிலேயே உட்கார வேண்டியதாயிற்று. சட்டத்தை எப்படி வைப்பது, எவ்வளவு உயரத்தில் நிற்பது, எந்த ஆணியில் எந்த எண் எல்லாவற்றையும் அக்காவுக்குப் பாடம் எடுத்தேன். ஒரு விஷயத்தை மட்டும் அழுத்தி அழுத்திச் சொன்னேன். “பவளத்தக் கையால தொடவே கூடாதுக்கா. தெரியாமக்கூட.”

“கோயில் செல மாதிரின்னு வச்சிக்க. தொடமாட்டேன், போ.”

மூன்று நாளில் இருபது இடமும் முடிந்தது. படகில் வைத்துச் சின்னத் திரையில் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என் நண்பர் எடுத்த படங்களில் பாதி மங்கல். இவை கண்ணாடி மாதிரி இருந்தன. சட்டம் நாலு மூலையும் நேராக, ஒரு நிழல் இல்லாமல். சட்டத்துக்குள் பத்து ரூபாய் நாணயம் அளவுக்குக் குட்டிப் பவளங்கள் பளிச்சென்று தெரிந்தன. போன தடவை எட்டு இருந்த இடத்தில் இருபது. பாசி கிட்டத்தட்ட இல்லை.

பவளத் திட்டு பிழைத்துக்கொண்டது. நான் சிதம்பரத்துக்கு வந்ததும் வராததுமாக எங்கள் சாரிடம் ஓடினேன். ஆராய்ச்சிக்கு வழிகாட்டியான அவர் எளிதில் சிரிக்க மாட்டார். அன்று காபி வாங்கிக் கொடுத்தார். இரண்டு வாரம் கணினி முன்னால் உட்கார்ந்து எண்ணினேன். எண்ண எண்ணச் சந்தோஷம் தாங்கவில்லை.

நல்ல செய்தியைச் சொல்லக் கடலூருக்குப் போனேன். அக்கா வேகவைத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, முறத்தில் கொட்டி நடுவில் வைத்தார். நான் லேப்டாப்பைத் திறந்து பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

“பாத்தீங்களாக்கா, போன வருஷம் எவ்ளோ பாசி. இப்ப பாருங்க.”

மல்லாட்டையை உரித்துக்கொண்டே அக்கா சாதாரணமாகச் சொன்னார். “அது நெறைய இருந்துச்சிடி. நான்தான் வழிச்சி எடுத்தேன்.”

“என்னக்கா?”

“பாசியத்தான். பெருசா இருந்தத கையால புடுங்கிட்டேன். மேல படிஞ்சிருந்த தூசிய நம்ம பிரஷ்ஷு இருக்குது இல்ல, அதால தட்டிவுட்டேன். நீ சொன்ன மாதிரி பவளத்துமேல வெரலுகூடப் படல. நம்ம புள்ள படிப்புக்குப் போற படம், அழுக்கா இருந்தா நல்லாவா இருக்கும்?”

நான் கத்தினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, ஆனால் கத்தினேன். என் மூன்று வருஷத்தை நாசமாக்கிவிட்டீர்கள் என்றேன். கல்யாண வீடு என்று நினைத்தீர்களா என்றேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அக்காவின் வீட்டுக்காரர் எழுந்து உள்ளே போய்விட்டார். அக்கா மல்லாட்டைத் தோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முறத்தின் ஓரத்தில் சேர்த்துக்கொண்டே இருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் கேட்டார்.

“அந்த அழுக்கு ஒனக்கு எதுக்குடி?”

“அதத்தான்க்கா எண்ணணும். எவ்ளோ அழுக்கு, எவ்ளோ பவளம். அதுதான் என் படிப்பே.”

“அத மொதல்லயே சொல்லக் கூடாதா?”

சொல்லவில்லைதான். தொடக் கூடாது என்று சொன்னேன், உயரம் சொன்னேன், கோணம் சொன்னேன். பாசியும் என் கணக்கில் உண்டு என்பதை மட்டும் சொல்லவில்லை. எனக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. கூட இறங்கிய டைவிங் மாஸ்டர்கூட, சுத்தம் செய்வது ஆராய்ச்சியில் ஒரு வேலை போலிருக்கிறது என்று நினைத்துச் சும்மா இருந்திருக்கிறார்.

அக்கா எழுந்து ஸ்டுடியோ பீரோவைத் திறந்து ஒரு டப்பாவைக் கொண்டுவந்தார். “லைட்டு பாக்க மொதல்ல ஒண்ணு எடுப்பேன்டி, தொடைக்கறதுக்கு முன்னாடி. ஆல்பம் கைக்குப் போற வரைக்கும் நான் எதையும் அழிக்க மாட்டேன். இதுல எதுனா ஆவுமா பாரு.”

மூன்று நாள் அந்த ஸ்டுடியோவில் உட்கார்ந்து பார்த்தோம். அந்தப் படங்கள் கோணலாக இருந்தன, பச்சையடித்துப் போயிருந்தன. ஆனால் பதினான்கு இடங்களில் சட்டம் முழுக்க விழுந்திருந்தது. மீதி ஆறில் ஒரு மூலைதான் இருந்தது, அல்லது மணல் கலங்கியிருந்தது. “இத வெளிய காட்டப்போறியா?” என்று அக்கா ஒவ்வொரு படத்துக்கும் வருத்தப்பட்டார். பதினான்கை வைத்து மறுபடியும் எண்ணினேன். குட்டிப் பவளங்கள் இருந்தன, பாசி அதைவிட ஜாஸ்தியாக இருந்தது. திட்டு பிழைக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. பிழைக்கப் பார்க்கிறது என்று சொல்லலாம். என் ஆய்வேடு பிழைத்துவிட்டது.

அதில் ஒரு வாக்கியம் எழுத வேண்டியிருந்தது. இருபது இடத்தில் ஆறு ஏன் விடுபட்டது? நல்ல படங்களை எடுப்பதற்கு முன்னால் மேக்கப் பிரஷ்ஷால் பாசியைத் துடைத்துவிட்டார்கள் என்று எழுதினால் ஊரே சிரிக்கும் என்று பயந்தேன். ‘படங்கள் தெளிவாக இல்லாததால் ஆறு இடங்கள் நீக்கப்பட்டன’ என்று எழுதினேன். முதலில் சொன்ன கணக்கு ஏன் மாறியது என்று சார் கேட்டபோதும், படங்கள் தெளிவாக இல்லை என்றுதான் சொன்னேன். ஆய்வேடு ஆங்கிலத்தில் இருந்தது. அக்காவுக்குத் தெரியப் போவதில்லை.

அடுத்த கோடையில் வாய்மொழித் தேர்வு. எங்கள் பக்கம் அது பாதி கல்யாணம். வாசலில் பேனர், உள்ளே சால்வைகள், வருகிறவர்களுக்கு மிக்சரும் இனிப்பும் வைத்த டப்பா. அப்பா பண்ருட்டியிலிருந்து தேர்வாளருக்கென்று ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பக்கத்து நாற்காலியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். போட்டோ அக்கா காலை ஏழு மணிக்கே கடலூரிலிருந்து வந்துவிட்டார். என் புடவைக் கொசுவத்தை இரண்டு தடவை பிரித்துக் கட்டினார். என் நெற்றியில் அந்தப் பிரஷ் பட்டபோது அவர் கண்ணைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன்.

தேர்வாளர் வெளியூரிலிருந்து வந்த ஓர் அம்மா. நரைத்த தலை, வெயிலில் கறுத்த முகம். முப்பது வருஷம் கடலில் இறங்கியவர் என்பது கேள்விகளிலேயே தெரிந்தது. முக்கால் மணி நேரம் ஆங்கிலத்தில் போனது. பின்னால் உறவினர்கள் நெளிய ஆரம்பித்ததைப் பார்த்து, “எல்லாருக்கும் புரியட்டுமே” என்று தமிழுக்கு மாறினார்.

“இருபது இடம் வச்சிருக்கீங்க. கடைசித் தடவை பதினாலுதான் இருக்கு. ஆறு எங்க?”

“படம் தெளிவா இல்ல மேடம்.”

“மத்த பதினாலும்கூடக் கோணலா, பச்சையடிச்சுத்தான் இருக்கு, ஆனா எண்ண முடிஞ்சிருக்கே. இந்த ஆறு மட்டும் ஏன்? எடுத்தவங்களுக்கு அனுபவம் போதாதா?”

“ஆமாம் மேடம். அவங்களுக்கு... கடல்ல அனுபவம் இல்ல. சரியா எடுக்க வரல.”

வாயிலிருந்து வந்துவிட்டது. ஜன்னலோரம் கேமராவோடு நின்ற அக்காவைப் பார்த்தேன். கடலூர் முழுக்க எந்த வீட்டைத் திறந்தாலும் அவர் எடுத்த ஒரு படமாவது சுவரில் இருக்கும். அந்த மனுஷிக்குப் படம் எடுக்கத் தெரியாது என்று நூறு பேர் நடுவில் சொல்லியிருக்கிறேன். நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்த ஒரே ஆள் அந்த அறையில் அவர்தான். அவர் முகம் மாறவில்லை. கேமராவுக்குப் பின்னாலிருந்து இடது கையை வெளியே நீட்டி, மணப்பெண்களுக்குச் செய்வதுபோல, முகவாயை உயர்த்து, நேராக நில் என்று எனக்குச் சைகை காட்டினார்.

அதை என்னால் தாங்க முடியவில்லை.

“இல்ல மேடம், நான் சொன்னது பொய். அவங்க எடுத்ததுல ஒரு தப்பும் இல்ல. பாசியும் கணக்குல சேரும்னு நான் அவங்களுக்குச் சொல்லல. அவங்க படம் நல்லா வரணும்னு இருபது இடத்தையும் சுத்தம் பண்ணிட்டு எடுத்திட்டாங்க. இந்தப் பதினாலும் அதுக்கு முன்னாடி லைட்டு பாக்க எடுத்தது. அதோ நிக்கிறாங்களே, அவங்கதான்” என்று கையை நீட்டிக் காட்டினேன். சார் குனிந்து எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டார்.

தேர்வாளர் திரும்பிப் பார்த்தார். “நீங்களாம்மா?”

“ஆமாங்கம்மா.”

“எதால சுத்தம் பண்ணீங்க?”

அக்கா தயங்கினார். பிறகு இடுப்புப் பையிலிருந்து பிரஷ்ஷை எடுத்துக் காட்டினார். அரங்கமே சிரித்தது. தேர்வாளரும் சிரித்தார். வாங்கித் தன் புறங்கையில் தடவிப் பார்த்துவிட்டு, “குட்டிப் பவளத்துக்கு ஒரு கீறல்கூட விழுந்திருக்காது” என்றார். என் பக்கம் திரும்பியபோது சிரிப்பு இல்லை. “இத ஏன் எழுதல? எந்தெந்த இடம், என்ன பண்ணாங்க, எல்லாத்தையும் எழுதணும். அடுத்து அந்த இடத்துக்குப் போறவங்களுக்கு அது தெரியணும். ஒரு மாசம் டைம். எழுதி மாத்திக் குடுங்க. அதப் பார்த்துட்டு நான் கையெழுத்துப் போடறேன்.”

அப்பா எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். சார் என்னோடு சாப்பாட்டு வேளை வரைக்கும் பேசவில்லை. அது நியாயம்தான்.

வெளியே மரத்தடியில் லென்ஸைப் பையில் வைத்துக்கொண்டே அக்கா என்னைத் திட்டினார். “எதுக்குடி சொன்ன? எவ்ளோ அழகா நின்னுக்கினு இருந்த. மூஞ்சியெல்லாம் கோணிக்கினு, முந்தானை நழுவி... எனக்கு அப்பிடியே வந்துச்சி பாரு.” அவர் கண் கலங்கியிருந்தது. நான் அவரைக் கட்டிக்கொண்டேன். கொசுவம் கசங்குகிறது என்று தள்ளிவிட்டார்.

பத்து நாள் கழித்து ஸ்டுடியோவுக்கு வரச் சொன்னார். ஆல்பம் தயாராக இருந்தது. நாற்பது படம். எல்லாவற்றிலும் நான் சினிமாக்காரி மாதிரி இருந்தேன். கன்னத்துப் பரு இல்லை, கண்ணுக்குக் கீழே கறுப்பு இல்லை. அப்பாவின் பக்கத்திலிருந்த பலாப்பழத்துக்குக்கூட ஒரு மினுமினுப்பு வந்திருந்தது. புரட்டி முடித்ததும் தனியாக, காகிதம் சுற்றிய ஒரு ஃப்ரேமை மேசைமேல் வைத்தார்.

பிரித்தேன். கையை நீட்டிக்கொண்டு நான். ஒரு கண் பாதி மூடியிருக்கிறது. வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. மூக்கு நுனியில் வியர்வை. முந்தானை தோளைவிட்டு நழுவிக்கொண்டிருக்கிறது. நான் அவரைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த, இல்லை, என்னைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த அந்த நொடியிலும் அவர் விரல் கேமரா பட்டனை அழுத்தியிருக்கிறது.

“என்னக்கா, இவ்ளோ கேவலமா இருக்கேன்?”

“கேவலமாத்தான் இருக்க” என்றார் அக்கா. “நாலு தடவ கம்ப்யூட்டர்ல எடுத்துப் போட்டேன். வேர்வையத் தொடைக்கலாம்னு பாத்தேன், கண்ணத் தெறக்கலாம்னு பாத்தேன். கை போவல. அப்பிடியே போட்டுட்டேன்.”

அக்கா இப்போது கடலூரில் இல்லை. மகளுக்கு வேலை கிடைத்த ஊரில் இருக்கிறார். அங்கேயும் கடல் இருக்கிறது, இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார். நான் பாடம் நடத்தும் கல்லூரியில், என் அறைச் சுவரில், நாற்காலிக்கு நேர் மேலே அந்தப் படம் மாட்டியிருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், கொஞ்சம் தைரியம் உள்ளவர்கள், மேடம், உங்களிடம் வேறு நல்ல படமே இல்லையா என்று கேட்பார்கள். ஒரு ஆல்பம் முழுக்க இருக்கிறது என்று சொல்லி அவர்களை உட்காரச் சொல்வேன்.